பான்கேக் மாவை ஒருமுறை கலந்து வைத்தால் போதும்

கடையில் வாங்கும் பான்கேக் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் மைதா, சர்க்கரை, உப்பு, பேக்கிங் பவுடர், சமையல் சோடா, அவ்வளவுதான். 1889-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் ஜோசப் என்ற ஊரில் இப்படிக் கலந்த மாவை விற்க ஆரம்பித்தார்கள். நம் வீட்டு அலமாரியில் இருக்கும் பொருட்களை வைத்தே பத்து நிமிடத்தில் இதைச் செய்துவிடலாம்.

4 கப் மைதா, கால் கப் பொடித்த சர்க்கரை, இரண்டரை மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா, ஒரு தேக்கரண்டி உப்பு. எல்லாவற்றையும் இரண்டு தடவை சலித்து, ஈரமே இல்லாத பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி, தேதி எழுதி ஒட்டுங்கள். 2 மாதம் தாராளமாக இருக்கும், ஆனால் ஈரக் கரண்டி மட்டும் உள்ளே போகக் கூடாது, ஈரம் பட்டால் பேக்கிங் பவுடர் பாட்டிலுக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். பழைய பேக்கிங் பவுடராக இருந்தால் அரைத் தேக்கரண்டி எடுத்து வெந்நீரில் போட்டுப் பாருங்கள், உடனே நுரைத்துப் பொங்கவில்லை என்றால் புதிது வாங்கிவிடுங்கள்.

சுடும் நாளில் ஒரு கப் கலவைக்கு அரை கப் பால், கால் கப் தயிர், ஒரு முட்டை, 2 மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய். முட்டை வேண்டாம் என்றால் பாலை 2 மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் கனமாக வரும், சுவை நன்றாகவே இருக்கும். தயிரை மட்டும் விட்டுவிடாதீர்கள், அதன் புளிப்பு பட்டால்தான் சோடா பொங்கும்.

இனிமேல்தான் கவனம் தேவை, ஏனென்றால் தோசை சுட்டுப் பழகிய கைக்குக் கட்டி இல்லாமல் கரைத்தால்தான் திருப்தி. இங்கே அது கூடாது. மைதாவை அடித்துக் கலக்கக் கலக்க அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, பான்கேக் ரப்பர் மாதிரி இழுக்கும். பத்துப் பதினைந்து சுற்று போதும், உலர்ந்த மாவு கண்ணில் படாமல் இருந்தால் சரி, சின்னச் சின்னக் கட்டிகள் இருந்துவிட்டுப் போகட்டும், வேகும்போது தானே கரைந்துவிடும். அப்புறம் 10 நிமிடம் தொடாமல் வையுங்கள். மாவு இட்லி மாவுப் பதத்தில், கரண்டியிலிருந்து தளதளவென்று விழ வேண்டும்.

தோசைக்கல்லிலேயே சுடலாம். ஆனால் வெங்காயம் தேய்த்துப் பழகிய கல்லில் அந்த வாசம் ஏறும், அதனால் எனக்கு நான்ஸ்டிக் தவாதான் பிடிக்கும். தீ மிதத்துக்கும் கீழே இருக்கட்டும், சர்க்கரை இருப்பதால் உள்ளே வேகும் முன்பே அடி கருகிவிடும். வெண்ணெயைத் தடவி, துணியால் துடைத்துவிட்டு, ஒரு கரண்டி மாவை ஊற்றி அப்படியே விடுங்கள். தோசை மாதிரி தேய்க்காதீர்கள், அது தானாகவே பரவி நிற்கும்.

இப்போது மேல்பக்கத்தையே பாருங்கள். முதலில் வரும் குமிழிகள் உடைந்ததும் மாவு வழிந்து ஓட்டையை மூடிக்கொள்ளும், இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம். ஓரம் பளபளப்பு குறைந்து, உடைந்த குமிழியின் ஓட்டை ஆப்பத்தில் தெரிவது போல மூடாமல் நின்றால், அதுதான் திருப்பும் நேரம். ஒரே தடவை திருப்புங்கள். கரண்டியால் அழுத்தாதீர்கள், உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் தட்டையாகிவிடும். மறுபக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

மேலே ஊற்ற மேப்பிள் சிரப் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, தேன் பதத்துக்குக் காய்ச்சி ஊற்றுங்கள், ஒரு துண்டு வெண்ணெயும் அதோடு உருகட்டும்.

மீந்த மாவைத் தோசை மாவு மாதிரி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சுடலாம் என்று நினைக்காதீர்கள், பொங்கும் சக்தி போயிருக்கும். எல்லாவற்றையும் அன்றே சுட்டு, ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடம் கிளம்பும் அவசரத்தில் மிதமான சூட்டில் தவாவில் மூடி போட்டு, பக்கத்துக்கு ஓரிரு நிமிடம் சுட வைத்தால் தட்டுக்கு வந்துவிடும்.