சுங்கை சிப்புட்டுக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள்

போன மாதம் லிந்தாங் போகும் சாலையோரம் ஒரு வேன் நின்றிருந்தது. மணி பதினொன்றரை இருக்கும். கித்தா மரங்களுக்கு, அதாவது ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு குடும்பம், பால் வடியும் கிண்ணமான மங்கை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "பால் வெட்டுறதை எங்கே பார்க்கலாம் தம்பி?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். "நாளைக்குக் காலையிலதான் அக்கா" என்றேன். அவர்கள் நாளைக்குப் பினாங்கில் இருப்பார்களாம்.

நான் மலேசியாவின் பேரா மாநிலத்தில் இருக்கும் இந்தச் சுங்கை சிப்புட் ஊர்க்காரன். அம்மா பால்மரம் வெட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். வெளியூரிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களை, அவர்கள் அனுப்பி வைக்கிறவர்களை, பல வருடங்களாக நான்தான் சுற்றிக் காட்டுகிறேன். குடை எடுத்துக்கொள்ளுங்கள், கொசு மருந்து பூசுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நானே செய்து, பிறகு மற்றவர்கள் செய்யப் பார்த்த தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

காலைப் பசியாறிவிட்டுக் கிளம்புவது

கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட் ஏறக்குறைய 230 கிலோமீட்டர். ஓட்டலில் பசியாறிவிட்டு எட்டு மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றுக்கு வந்துவிடலாம் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் தோட்டத்தில் பால் வெட்டு முடிந்திருக்கும்.

பால்மரத்தை இருட்டில் வெட்டுவதற்குக் காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. பட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில்தான் பால் இருக்கிறது. இரவில் இலைகள் தண்ணீரை அதிகம் வெளியே விடாததால் குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். அப்போது கீறினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும். கீறிய இடத்திலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் பால் உறைந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் பெயர் கூப்பிடுவது, விடியுமுன் நடந்தது. அதனால்தான் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்கு, பால் வெட்டும் காட்டுக்கு, போனார்.

தமிழ்நாட்டுக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இங்கே பொழுது விடிய ஏழு மணி ஆகும். "ஆறு மணிக்கே வந்துடறோம்" என்று பெரிய சலுகைபோலச் சொல்வார்கள். ஆறு மணிக்கெல்லாம், வெட்டுகிறவர் தன் நிரையில், அதாவது மர வரிசையில், பாதியை முடித்திருப்பார்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பெரியப்பாவை வைத்து. இங்கேயே லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, அப்பா அம்மாவோடு இந்தியாவுக்குக் கப்பலேறியவர். அப்போது அவருக்குப் பதினேழு வயது. அதற்குப் பிறகு ஒரே ஒரு முறைதான் திரும்பி வந்தார். வந்த இரவே என்னிடம், "பெரட்டு நேரத்துக்குப் போயிடலாமா?" என்று கேட்டார். விமானத்தில் வந்த அலுப்பு, வயதானவர், தூங்கட்டும் என்று நினைத்து, "காலையில சாப்பிட்டுட்டு மெதுவா போவோம் பெரியப்பா" என்று நான்தான் சொன்னேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

பதினொன்றேகாலுக்குப் போய் இறங்கினோம். ஆள் அரவம் இல்லை. அன்று வெட்டாத ஒரு மரத்தின் வெட்டுக் கோட்டிலிருந்து, காய்ந்து ஒட்டியிருந்த கோட்டுப்பாலை உரித்து, விரலால் உருட்டி உருட்டிப் பந்தாக்கி, முகர்ந்து பார்த்தார். "எங்கம்மா இந்நேரம் பால் நிறுவைக்கு நிப்பாங்க" என்றார். அன்று மாலையே அவர் மகள் வீட்டு விசேஷத்துக்காக ஜொகூருக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வரவே இல்லை, அவர் போய்விட்டார். அந்த ஊரில் பிறந்தவர் சரியான நேரத்தைச் சொல்லியும் நான் கேட்கவில்லையே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் வேனில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது.

சரி, எப்படி வர வேண்டும்? முந்தின இரவே பட்டணத்தில் தங்குங்கள், இல்லையென்றால் ஈப்போவில். சொந்தமாகச் சில ஏக்கர் கித்தா வைத்திருப்பவர் யாரிடமாவது முன்கூட்டியே பேசி வையுங்கள். பெரிய தோட்டங்கள் தனியார் சொத்து, அங்கே நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. நாலரைக்கு எழுந்து, கையில் டார்ச் லைட்டோடு, நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள்.

வெட்டுகிறவருக்குப் பின்னால் நடங்கள், அவருடைய வெளிச்சத்தை மறிக்காதீர்கள். உளி பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் சீவும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், அந்த இடத்தில் பட்டை சரியாக வளராது. ஒருவருக்கு ஐந்நூறு மரம் வரை இருக்கும். ஒரு மரத்துக்கு ஒரு நிமிடம் பேச்சுக் கொடுத்து நிறுத்தினால் அவருக்கு என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். கேள்விகளை வெட்டு முடிந்து அவர் உட்காரும்போது கேளுங்கள். அப்போது அவர்களே ஆசையாகப் பேசுவார்கள்.

ஒன்பது மணிக்கு மேல், தோளில் சுமக்கும் காண்டாக் கட்டையில் வாளி ஆட ஆட, பாலெடுத்து வருவதைப் பார்க்கலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். சிறு தோட்டக்காரர்கள் பலர் இப்போது பாலை மங்கிலேயே உறைய விட்டு, கட்டியாகத்தான் எடுக்கிறார்கள்.

மாதம் பார்க்காமல் வருவது

பிப்ரவரி வாக்கில் கித்தா மரம் இலை உதிர்க்கும். புதுத் தளிர் விட்டு முற்றும்வரை பால் குறையும், பல இடங்களில் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். மழை பெய்து பட்டை நனைந்திருந்தாலும் வெட்டு இல்லை, வெட்டுக் கோட்டை விட்டுப் பால் வழிந்து வீணாகும். அக்டோபர், நவம்பரில் வருவதாக இருந்தால் ஒரு நாளுக்கு இரண்டு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தாவின் தோட்டத்தை கூகுள் மேப்பில் தேடுவது

பழைய கடிதத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் நம் ஆட்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர் வேறு, இன்று பலகையில் இருக்கும் "லாடாங்" (மலாயில் தோட்டம்) பெயர் வேறு. அப்புறம் கட்டைக் கணக்கு ஒன்று உண்டு. மைல்கல்லை வைத்து மூணாங்கட்டை, ஏழாங்கட்டை என்பார்கள். எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்று தெரியாவிட்டால் நாள் முழுக்கச் சுற்ற வேண்டியதுதான்.

நான் சொல்லும் வழி இது. தாத்தாவின் தோட்டத்து மாரியம்மன் கோயில் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, பக்கத்தில் ஆறு ஓடியதா, எந்தப் பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போனார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள். பட்டணத்து ஒட்டுக்கடையில், அதாவது சாலையோரச் சிறு கடையில், வயதானவர் யாராவது உட்கார்ந்திருப்பார். அந்த மூன்று விவரமும் போதும், அவர் இடத்தைச் சொல்லிவிடுவார். கித்தாவை அழித்துச் செம்பனை நட்ட இடங்களில் லயம் போயிருக்கும், சில இடங்களில் கோயில் மட்டும் நிற்கும்.

லயத்து வாசலில் கேமராவை நீட்டுவது

அது வீடு. கேட்டுவிட்டு எடுங்கள்.

ஊரின் கதை தெரியாமல் சாலையில் போய்வருவது

எல்பில் தோட்டத்துக்கு வழி கேட்டு வருகிறவர்கள் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இந்த வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒன்று எல்பிலில் நடந்தது. அதையடுத்துத்தான் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது, 1960 வரை நீடித்தது. வேலை நடக்கிற தோட்டத்துக்குள் அதைத் தேடி அலைய வேண்டாம். அந்த மூவரின் கல்லறையும் பத்து காஜா என்ற ஊரில் இருக்கிறது.

அதே ஜூன் 16-ஆம் தேதி, 1919-இல், பின்னாளில் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இந்த ஊரில்தான். தோட்டங்களை முதலாளிகள் துண்டு போட்டு விற்றதால், நம் ஆட்கள் தெருவில் நின்ற காலத்தில், ஆளுக்குப் பத்து வெள்ளி (அன்றைய மலாயா டாலர்) சேர்த்துத் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். 1954-இல் அவர் தொடங்கிய மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் நடக்கிறது. பள்ளி நடக்கும் நேரத்தில் உள்ளே போகாதீர்கள். சாலையில் போகும்போது பிள்ளைகளிடம் இந்தப் பத்து வெள்ளிக் கதையைச் சொல்லிக்கொண்டே போங்கள்.

கோலா கங்சாரை விட்டுவிடுவது

அரை மணி நேரப் பயணம்தான். மலாயாவில் 1877-இல் நட்ட முதல் கித்தாக் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் மரமாக நிற்கிறது. காலையில் வெட்டைப் பார்த்துவிட்டு மத்தியானம் அதைப் பாருங்கள், முதலில் அங்கே போகாதீர்கள்.

பூர்வகுடிக் கிராமத்துக்குச் சொல்லாமல் போவது

பிளஸ் ஆற்றின் மேற்பகுதியில் தெமியார் மக்கள் வாழ்கிறார்கள். அனுமதியும் வழிகாட்ட ஆளும் இல்லாமல் போக வேண்டாம்.

ரயில் எப்படியும் நிற்கும் என்று நம்புவது

எல்லா வண்டியும் நிற்காது. பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். வரைபடத்தில் தேடும்போது "சுங்கை சிப்புட் உத்தாரா" (உத்தாரா என்றால் வடக்கு) என்று தேடுங்கள், பேராவிலேயே தெற்கே இன்னொரு சுங்கை சிப்புட் இருக்கிறது.