சப்வூஃபர் ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்பக் கார் ஸ்டீரியோவின் அளவுகளை அமைக்கும் முறை

புதிதாகச் சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஆம்ப்ளிஃபையர் பொருத்தியவர்களில் பலர், ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் கெயின் திருகை, பாஸ் (தாழ்ந்த ஒலி) போதும் என்று காதுக்குத் தோன்றும்வரை திருப்பிவிட்டு வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் ஒலியைக் கூட்டிக் குறைப்பதற்காக அந்தத் திருகு வைக்கப்படவில்லை. ஆம்ப்ளிஃபையருக்குச் சிக்னலை அனுப்பும் ஸ்டீரியோவின் ஆர்சிஏ வெளியீட்டிலிருந்து வரும் மின்னழுத்தம் ஒரு கருவியில் அதிகபட்சம் 2 வோல்ட்டாகவும் இன்னொன்றில் 4 அல்லது 5 வோல்ட்டாகவும் இருக்கும். எவ்வளவு வோல்ட் உள்ளே வரும்போது ஆம்ப்ளிஃபையர் தன் முழுத் திறனை எட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே கெயினின் வேலை. ஆகவே அமைப்பதை ஸ்டீரியோவிலிருந்து தொடங்க வேண்டும். அங்கே சிதையாத சிக்னலை எவ்வளவு வலுவாக எடுக்க முடியுமோ அவ்வளவும் எடுத்துக்கொண்டு, தேவைப்படும் மிச்சத்துக்கு மட்டும் கெயினைத் திறந்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சலும் பாட்டில்லாதபோது கேட்கும் சீறலும் வெகுவாகக் குறையும். கெயின், சிக்னலோடு சேர்த்து வழியில் நுழைந்த இரைச்சலையும் பெருக்குகிறது என்பதே இதற்குக் காரணம்.

இதில் இவ்வளவு கவனம் எதற்கு என்றால், கிளிப்பிங் என்ற ஒன்றுக்காகத்தான். தன்னால் தர முடிந்த உச்ச வோல்ட்டைத் தாண்டும்படி ஒரு கருவியை விரட்டினால், அலையின் முகடுகள் தட்டையாக வெட்டுப்படுகின்றன. முற்றிலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலை, அதே உச்ச உயரமுள்ள, சீராக வளைந்து ஏறியிறங்கும் சைன் அலையைப்போல இரண்டு மடங்கு திறனைச் சப்வூஃபரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலுக்குள் தள்ளும். காயில் சூடேறும், கருகிய வாடை வரும், அந்த வாடை வந்த பிறகு பெரும்பாலும் செய்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. கதவு ஸ்பீக்கரில் சிதைவு ஏற்பட்டால் காது உடனே கண்டுகொள்ளும், ஆனால் 40 ஹெர்ட்ஸில் வரும் சிதைவைக் காதால் பிடிப்பது கடினம். அதனால்தான் காதை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரைக் கையில் எடுக்கச் சொல்கிறேன்.

அளக்கத் தொடங்குமுன் ஸ்டீரியோவில் ஈக்வலைசரைச் சமநிலையில் வையுங்கள்; லவுட்னஸ், பாஸ் பூஸ்ட் போன்ற அனைத்தையும் அணைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபையரில் உள்ள பாஸ் பூஸ்ட்டும் சுழியத்தில் இருக்கட்டும். 10 டெசிபெல் பூஸ்ட் என்பது அந்த அதிர்வெண்ணில் பத்து மடங்கு திறனைக் கேட்பதாகும் என்பதால், அதை நிரந்தரமாகவே அணைத்து வைப்பது நல்லது என்பது என் கருத்து. தாழ்ந்த ஒலியை மட்டும் கடத்தும் லோ-பாஸ் ஃபில்டரை ஸ்டீரியோவிலோ ஆம்ப்ளிஃபையரிலோ ஏதேனும் ஓர் இடத்தில் மட்டும் 80 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, மற்றதை அணைத்துவிடுங்கள். அணைக்க வழியில்லாவிட்டால் இயன்றவரை மேலே ஏற்றிவிடுங்கள். முன்பக்கத்தில் பொருத்தும் தனி பாஸ் குமிழ் இருந்தால் அதை முழுவதும் திறந்து வைத்தே அளக்க வேண்டும். பாதியில் வைத்து அளந்துவிட்டுப் பின்னொரு நாள் முழுவதும் திறந்தால், அளந்ததெல்லாம் வீணாகும்.

சோதனைக்கு 50 ஹெர்ட்ஸ் சைன் அலை கொண்ட ஒலிக்கோப்பு ஒன்று வேண்டும். சுருக்கப்படாத வேவ் கோப்பாக, 0 டெசிபெல் அளவில் (கோப்பில் பதிவாகக்கூடிய உச்ச அளவு) பதிவானதாக இருந்தால் நல்லது. அதைப் பென் டிரைவிலிருந்து நேரடியாக ஓடவிடுங்கள். புளூடூத் வழியாகத்தான் கேட்பீர்கள் என்றால் கைப்பேசியின் ஒலியளவை முழுவதும் ஏற்றிவிட்டு அதன் வழியாகவே அளவிடுங்கள்.

முதலில் ஸ்டீரியோவின் எல்லையைக் கண்டறிய வேண்டும். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, சப்வூஃபருக்கான ஆர்சிஏ கேபிளை அதிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கேபிளின் நடு ஊசியிலும் மறு முனையை வெளி வளையத்திலும் தொடும்படி பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்டீரியோவில் சப்வூஃபர் அளவை 0 என்ற நிலையில் வைத்துச் சோதனை ஒலியை ஓடவிட்டு, வால்யூமை ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் வோல்ட் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் உயரும். ஓரிடத்தில் அந்த ஏற்றம் சட்டென்று சுருங்கினால் அங்கே கிளிப்பிங் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு இரண்டு படி கீழே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருந்தால் முகடு தட்டையாவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பல ஸ்டீரியோக்களில் இந்த எல்லை மொத்த வால்யூமின் முக்கால் பங்கை ஒட்டி வரும் என்றாலும், அளந்து பார்ப்பதற்கு அது ஈடாகாது.

கதவு ஸ்பீக்கர்கள் ஸ்டீரியோவின் சொந்த ஆம்ப்ளிஃபையரிலேயே ஓடுகின்றன என்றால் இன்னொரு எல்லையும் உண்டு. நன்கு பழகிய பாடல் ஒன்றைப் போட்டு வால்யூமை ஏற்றினால், பெரும்பாலும் ஆர்சிஏ வெளியீடு சிதைவதற்கு முன்பே கதவு ஸ்பீக்கர்களின் குரல் கரகரக்கும். அந்த எண்ணுக்கு மேல் நீங்கள் ஒருபோதும் கேட்கப்போவதில்லை என்பதால், இரண்டு எண்களில் சிறியதையே உங்கள் உச்ச வால்யூமாகக் கொள்ளுங்கள்.

இனி ஆம்ப்ளிஃபையருக்கு வரலாம். உங்கள் சப்வூஃபரின் ஓம் (மின்தடை) அளவில் ஆம்ப்ளிஃபையர் தரும் ஆர்எம்எஸ் திறனையும் (தொடர்ந்து தரக்கூடிய திறன்), சப்வூஃபர் தாங்கும் ஆர்எம்எஸ் திறனையும் ஒப்பிட்டு, குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மேக்ஸ் வாட் எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்த வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வரவேண்டிய வோல்ட் கிடைக்கும். 500 வாட், 4 ஓம் என்றால் பெருக்கல் 2000, வோல்ட் 44.7. 300 வாட், 2 ஓம் என்றால் 24.5. இரட்டைக் காயில் கொண்ட சப்வூஃபரில் இணைப்பு முறைக்கு ஏற்ப ஓம் மாறிவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு 2 ஓம் காயில்களைத் தொடராக இணைத்தால் 4 ஓம், இணையாக இணைத்தால் 1 ஓம்.

ஆம்ப்ளிஃபையர் அணைந்திருக்கும்போதே சப்வூஃபர் வயர்களைக் கழற்றி, ஒன்றோடொன்றோ காரின் உலோகத்தோடோ படாமல் ஒதுக்கி வையுங்கள். ஆர்சிஏ கேபிளை மீண்டும் செருகி, கெயினை முழுவதும் இறக்கிவிடுங்கள். காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு அளப்பது சிறந்தது. ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்கும், நின்றிருக்கும்போது 12.6 வோல்ட்டை ஒட்டியே இருக்கும். மல்டிமீட்டரின் முனைகளை, சப்வூஃபர் இணைந்திருந்த அதே இரண்டு முனையங்களில் வையுங்கள். உச்ச வால்யூமில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, கணக்கிட்ட வோல்ட் வரும்வரை கெயினை மெதுவாகத் திருப்பி, அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். சப்வூஃபர் இணைந்து இழுக்கும்போது ஆம்ப்ளிஃபையருக்கு வரும் மின்சாரம் சிறிது சரியும். அந்தச் சரிவுக்கு இந்த இடைவெளி வேண்டும்.

0 டெசிபெல் ஒலியால் அமைத்தால் சில பதிவுகளில் பாஸ் மெலிவாகத் தோன்றலாம், ஏனெனில் பாடல்களில் தாழ்ந்த ஒலி எப்போதும் உச்ச அளவை எட்டுவதில்லை. அதற்காகச் சிலர் மைனஸ் 5 டெசிபெல் ஒலியால் கெயினை அமைக்கிறார்கள். அப்படிச் செய்தால், முழு அளவில் பதிவான ஒரு பாஸ் அடி வரும்போது ஆம்ப்ளிஃபையரிடம் மூன்று மடங்குக்கும் மேற்பட்ட திறன் கேட்கப்படும். அது தர முடியாமல் கிளிப் ஆகும். மெல்லப் பதிவான பழைய பாடல்களையே கேட்பவருக்கு அது பொருந்தலாம். எலக்ட்ரானிக் இசையை மணிக்கணக்கில் உரக்கக் கேட்பவர் 0 டெசிபெல்லிலேயே நிற்பது நல்லது.

மீண்டும் அணைத்துவிட்டுச் சப்வூஃபரை இணையுங்கள். இதன்பின் கெயினைத் தொட வேண்டாம். பாஸ் அதிகமாக இருந்தால் ஸ்டீரியோவில் உள்ள சப்வூஃபர் அளவை 0 இலிருந்து கீழே இறக்குங்கள். கூட்டல் பக்கம் ஏற்றினால் அளந்த எல்லை உடைந்துவிடும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, அலையின் திசையை மாற்றும் பேஸ் (phase) சுவிட்சை 0, 180 டிகிரி என இரண்டு நிலைகளிலும் மாற்றிக் கேட்டு, பாஸ் எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். குறித்த உச்ச வால்யூம் எண்ணை ஒரு சிறு தாளில் எழுதி ஆம்ப்ளிஃபையரின் மேல் ஒட்டி வையுங்கள். ஸ்டீரியோவையோ சப்வூஃபரையோ மாற்றும் நாளில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, மல்டிமீட்டரோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.