காட்டுவதை எல்லாம் வாயாலும் சொல்லுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து ஆட்களுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), ஓகேயு கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) பற்றி விளக்கக் கூட்டம் நடத்துகிறேன். அதற்கு முன் எஸ்டேட் கிளினிக்கில் வேலை செய்தவள் என்பதால், கூட்டத்துக்கு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். இனிப்புநீரால் (நீரிழிவால்) பார்வை மங்கியவர், அதே நோயால் காலை எடுத்தவர், பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறும் அக்கா, காது கேளாத மகனைக் கூட்டி வரும் அம்மா. ஓகேயு கார்டைப் பற்றிப் பேசும் கூட்டமே ஓகேயு ஆட்களுக்கு எட்டவில்லை என்றால் அது அநியாயம். இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கணினியைத் திறப்பதற்கு முன் பேச்சைச் சரி செய்யுங்கள். திரையில் வரும் எதுவும் உங்கள் வாயிலும் வர வேண்டும். “இங்கே பாருங்க, இது குறைவு, அது கூட” என்று விரலை நீட்டினால் கண் தெரியாதவருக்கு ஒன்றும் கிடைக்காது. இபிஎஃப் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 55 வயதுக்குக் கீழே இருப்பவர்களின் சந்தா 2024 மே மாதத்திலிருந்து மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. எல்லாரும் இதற்கு வண்ண வட்டப்படம் போடுவார்கள். போடுங்கள், ஆனால் இப்படிச் சொல்லுங்கள்: “நூறு ரிங்கிட் போனால் 75 ரிங்கிட் ஓய்வுக்காலக் கணக்கில், 15 நடுக்கணக்கில், 10 எப்போது வேண்டுமானாலும் எடுக்கிற கணக்கில்.” படத்தைப் பார்க்காதவருக்கும் கணக்கு மனதில் நிற்கும். பார்க்கிறவருக்கும் இதுதான் எளிது.

படிவம் நிரப்பக் காட்டும்போதும் அப்படித்தான். “இந்தக் கட்டத்தில்” வேண்டாம். “மேலே இடது பக்கம், பெயருக்கு அடுத்த வரியில் ஐசி எண்” (அடையாள அட்டை எண்) என்று சொல்லுங்கள். எண்ணைப் பிரித்துச் சொல்லுங்கள்: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக்கில் பிறந்திருந்தால் 08. ஐசியைக் கண்ணால் படிக்க முடியாதவர்கூடத் தன் எண்ணை ஞாபகத்திலிருந்து சரிபார்த்துக்கொள்வார்.

அப்புறம் எழுத்து. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் கொக்கியும் அதிகம். ஆங்கிலத்துக்குப் போதும் அளவு தமிழுக்குப் போதாது. நான் 32க்குக் கீழே இறங்குவதில்லை. ஒரு ஸ்லைடில் நாலு வரிக்கு மேல் போனால் இரண்டாக்குங்கள். வெள்ளையில் கறுப்பு, அல்லது கருநீலத்தில் வெள்ளை. கோயில் திருவிழா நோட்டீஸ் மாதிரி சிவப்பில் மஞ்சள், பச்சையில் சிவப்பு எல்லாம் திரைக்கு ஆகாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 ஆவது இருக்க வேண்டும் என்று இணையத் தள அணுகல் விதிகள் சொல்கின்றன. இலவசமாகக் கணக்கிட்டுக் காட்டும் கருவிகள் இருக்கின்றன. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் ஆண்களில் கணிசமானோர். “சிவப்பில் உள்ளது கட்டாதது” என்றால் அவர்களுக்கு எது என்று தெரியாது. பக்கத்திலேயே “கட்டவில்லை” என்று எழுதிவிடுங்கள்.

எழுத்துருவில்தான் தமிழருக்கென்று ஒரு தனி வம்பு. பழைய கோப்புகள் பல பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கும். கண்ணுக்கு நல்ல தமிழாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பார்வையற்றவர் திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் தன் திரைவாசிப்பானில் அதைத் திறந்தால், “அம்மா” இருக்கும் இடத்தில் எம், கே, கே, எச் என்று உளறும். எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்தில் இருந்தால்தான் கணினியின் என்விடிஏவோ கைப்பேசியின் டாக்பேக்கோ, எந்தத் திரைவாசிப்பானும் தமிழாகப் படிக்கும். பழைய கோப்பைத் தயவுசெய்து மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன.

பவர்பாயிண்டில் ரிவியூ பகுதியில் அணுகலைச் சோதிக்கும் பொத்தான் இருக்கிறது. தலைப்பில்லாத ஸ்லைடு, விளக்கம் எழுதாத படம், வாசிப்பு வரிசை எல்லாவற்றையும் அது காட்டும். படத்துக்கு எழுதும் விளக்கத்தில் “படம் 3” என்று போடுவதில் பயனில்லை. படம் என்ன சொல்ல வருகிறதோ அதை ஒரு வரியில் எழுதுங்கள்.

காது கேளாதவர்கள் விஷயத்தில் நம் ஊரில் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. காது கேளாத தமிழ்ப் பிள்ளைகள் படிப்பது மலாய்வழிச் சிறப்புப் பள்ளியில். பலருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஆகவே தமிழ் வரிக்குக் கீழே மலாய் வரி கட்டாயம். 2008 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசியச் சைகை மொழியை ஏற்றிருக்கிறது. சைகை மொழிபெயர்ப்பாளரை அழைக்க முடிந்தால் அழையுங்கள். பெயர்கள், கலைச்சொற்கள், ஸ்லைடுகளை அவருக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். அவர் நிற்கும் இடம் திரைக்குப் பக்கத்தில், வெளிச்சத்தில் இருக்கட்டும். படம் தெளிவாகத் தெரிய விளக்கை எல்லாம் அணைத்தால் அவர் கை தெரியாது. புது ஸ்லைடு வந்ததும் சற்று நிறுத்துங்கள். ஒரே கண்ணால் ஸ்லைடையும் கையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. பேசும்போது மொழிபெயர்ப்பாளரை அல்ல, காது கேளாத அந்த ஆளைப் பாருங்கள்.

“எனக்குக் குரல் பெரிசு, மைக் வேண்டாம்” என்பவர்களிடம் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். மைக் பேசுகிறவருக்காக அல்ல, காதால் கேட்கிறவருக்காக. கூட்டத்திலிருந்து வரும் கேள்வியையும் மைக்கில் திரும்பச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். நேரம் காலை பத்து மணி நல்லது. பேராக்கில் மதியத்துக்கு மேல் மழை கொட்டினால், தகரக் கூரைக்குக் கீழே நல்ல காதுக்கும் கேட்காது.

இடத்தை ஒரு நாள் முன்பே போய்ப் பாருங்கள். கோயில் மண்டபமென்றால் செயற்கைக் கால் போட்டவரையும் சக்கர நாற்காலிக்காரரையும் செருப்பு, சக்கரம் விஷயமாக வாசலில் நிறுத்தாதபடி நிர்வாகத்திடம் பேசிவையுங்கள். ஒத்துவரவில்லையா, பாலாய் ராயாவுக்கு (ஊர்ப் பொது மண்டபத்துக்கு) மாற்றிவிடுங்கள். நாற்காலி வரிசையின் நடுவிலேயே சக்கர நாற்காலிக்கு இடம் விடுங்கள், குடும்பத்தோடு உட்காரட்டும். கழிப்பறைக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கூட்டம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஸ்லைடின் புகைப்படத்தை மட்டும் அனுப்பாதீர்கள். அதே விஷயத்தை எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள், கூடவே குரல் பதிவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளும் அந்தப் பதிவைத்தான் கேட்பார்கள்.