607002: ஆறு இலக்க எண்ணைக் கையால் பகுத்தறியும் முறை

ஆறு இலக்க எண் ஒன்றின் பகாக் காரணிகளைக் காணக் கணிப்பான் தேவையில்லை. தாளும் பேனாவும் போதும். கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குக் கடிதம் அனுப்பும்போது நாம் எழுதும் அஞ்சல் குறியீடான 607002-ஐ எடுத்துக்கொள்வோம். இதன் வர்க்கமூலம் 779-ஐச் சற்றே தாண்டுவதால், வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் நூற்றுக்கும் மேற்பட்ட பகா எண்களைச் சோதிக்க நேரிடும். காரணி ஒன்று கிடைத்த உடனேயே வகுத்து எண்ணைச் சிறிதாக்கிக்கொள்பவருக்கு அந்த உழைப்பு மிச்சம்.

ஒன்றாம் இலக்கம் 2 என்பதால் 2 வகுக்கும், 5 வகுக்காது. கடைசி இரண்டு இலக்கங்கள் 02 என்பதால் 4 வகுக்காது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 15; ஆகவே 3 வகுக்கும், 9 வகுக்காது. 6-ஆல் வகுக்க 101167 கிடைக்கிறது.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். அதனால் கடைசி மூன்று இலக்கங்களுக்கும் முதல் மூன்று இலக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைச் சோதித்தாலே, அம்மூன்றில் எது வகுக்கும் என்பது ஒரே கழித்தலில் தெரிந்துவிடும். 167-இலிருந்து 101-ஐக் கழிக்க 66 வருகிறது. 11 மட்டுமே வகுக்கிறது. இதே சோதனையை 607002-இலேயே செய்தால் வேறுபாடு 605, அதாவது 5 × 11 × 11. இதைக் கண்டு மூல எண்ணையும் 11 இருமுறை வகுக்கும் என்று கருதுவது தவறு; 1001-இல் 11 ஒருமுறைதான் இருக்கிறது. 101167-ஐ 11-ஆல் வகுத்த ஈவு 9197; இதை 11 மீண்டும் வகுக்காது.

இனி 17. 9197-இலிருந்து 17 × 500 ஆகிய 8500-ஐ நீக்க எஞ்சும் 697 என்பது 17 × 41. ஆகவே ஈவு 541. இதன் வர்க்கமூலம் 24-க்கும் குறைவு, 17-க்குக் கீழுள்ள பகா எண்கள் முன்பே கழிக்கப்பட்டுவிட்டன, எஞ்சிய 17, 19, 23 முறையே 14, 9, 12 என மீதி தருகின்றன. 541 பகா எண்ணே. பகா எண்களின் வரிசையில் அது நூறாவது.

எனவே 607002 = 2 × 3 × 11 × 17 × 541. எந்தக் காரணியும் இருமுறை வராததால் வகுஎண்கள் 2-இன் ஐந்தாம் அடுக்கான 32. அவற்றின் கூட்டுத்தொகை, ஒவ்வொரு பகாக் காரணியுடனும் 1 கூட்டிப் பெருக்கக் கிடைக்கும் 3 × 4 × 12 × 18 × 542, அதாவது 1404864. எண்ணையே அதிலிருந்து நீக்கினாலும் எஞ்சும் 797862 அவ்வெண்ணைவிடப் பெரியது. 607002-க்குக் கீழே அதனுடன் சார்பகா எண்களாக, அதாவது 1-ஐத் தவிரப் பொது வகுஎண் இல்லாதவையாக, அமைபவை ஒவ்வொரு பகாக் காரணியிலிருந்தும் 1 கழித்துப் பெருக்கக் கிடைக்கும் 1 × 2 × 10 × 16 × 540, அதாவது சரியாக 172800.

புதுச்சேரியின் 605001-ஐயும் இவ்வாறே தொடங்கலாம். 3-ஆல் வகுத்தால் 201667. அதன் வேறுபாடான 466-ஐ 7, 11, 13 எதுவும் வகுப்பதில்லை. 17-இலிருந்து சோதித்துச் செல்ல வேண்டும். 201667-இன் வர்க்கமூலம் 449-ஐச் சற்றே தாண்டுவதால், காரணி தட்டுப்படாதவரை 449-ஐ எட்டும் முன் நிறுத்தக் கூடாது.