மோட்டார்ஹோமை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்களா? முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்

நாம் பழகிய வண்டிகள் எல்லாம் தினமும் ஓடுபவை. ஓடும் வண்டியின் பேட்டரியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஓட ஓட அதுவே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வெளிநாடு வந்து முதன்முதலாக மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வாங்குபவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். இது வருடத்தில் சில வாரங்கள் ஓடி, மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்கும் வண்டி. சும்மா நிற்கும்போதுதான் பேட்டரி கெடுகிறது.

என் கதையையே சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் உள்ளே இருந்த மெயின் சுவிட்சை அணைத்தேன், கதவைப் பூட்டினேன், நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து மாதம் கழித்துப் போனால் ஒரு விளக்குகூட எரியவில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால், 12 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய பேட்டரியில் 9 வோல்ட்டும் சொச்சமும். குற்றவாளி, தரையோரம் பொருத்தியிருந்த கேஸ் கசிவு அலாரம். அதன் வயர் மெயின் சுவிட்ச் பக்கமே போகாமல் நேரே பேட்டரியிலிருந்து வந்திருந்தது. பாதுகாப்புக்காகப் பல வண்டிகளில் அப்படித்தான் இணைக்கிறார்கள் என்பது பேட்டரி போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அடிப்படையிலிருந்து வருவோம். உங்கள் வண்டியில் இரண்டு வகை பேட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு. மற்றது விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டர் விசிறி போன்ற உள்வீட்டு வேலைகளுக்கு. இதை ஹவுஸ் பேட்டரி என்றோ லீஷர் பேட்டரி என்றோ சொல்வார்கள். இரண்டும் தனித்தனி, இரண்டையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலானோர் ஒன்றை மட்டும் காப்பாற்றி மற்றதைச் சாகவிடுகிறார்கள்.

பேட்டரி இரண்டு வழிகளில் இறங்குகிறது. முதலாவது, எதுவும் இணைக்காவிட்டாலும் தானாகக் குறைவது. திரவ ஆசிட் உள்ள சாதாரண ஈய பேட்டரி மாதம் சுமார் 5 சதவீதம் வரை இழக்கலாம். வெயில் கூடினால் இன்னும் வேகம். இரண்டாவதுதான் உண்மையான திருடன்: ரேடியோவின் நினைவகம், திருட்டு அலாரம், வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் ட்ராக்கர், கட்டுப்பாட்டுப் பலகை, அணைக்க மறந்த இன்வெர்ட்டர். எல்லாம் சேர்த்து 50 மில்லிஆம்பியர் மட்டுமே இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி ஆறே வாரத்தில் காலி.

பாதி காலியானால் என்ன, திரும்ப ஏற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சார்ஜ் இறங்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாகி இறுகிவிடும். அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். கடுங்குளிர் உள்ள இடமென்றால் இன்னொரு ஆபத்து. முழுதாக ஏற்றிய பேட்டரி சாதாரணக் குளிருக்கு உறையாது. முழுதாக இறங்கிய பேட்டரியின் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட தண்ணீர். மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்து பெட்டியில் விரிசல் விழச் செய்யும். உறைந்த பேட்டரிக்கு ஒருபோதும் சார்ஜர் மாட்டாதீர்கள்.

ஆகவே ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றி முடித்துச் சில மணி நேரம் சும்மா விட்ட பிறகு அளக்க வேண்டும். உடனே அளந்தால் பொய் சொல்லும். 12 வோல்ட் ஈய பேட்டரியில் 12.6, 12.7 என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். நிறுத்தி வைத்திருக்கும் காலத்தில் 12.4-க்குக் கீழே போக விடக்கூடாது. இந்த ஒரு எண்ணை மட்டும் ஃபோனில் குறித்து வைத்துக்கொண்டாலும் போதும்.

அப்புறம், எப்படிக் காப்பாற்றுவது? வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்பு இருந்தால் வேலை சுலபம். பேட்டரி நிறைந்ததும் தானாக 13.5 வோல்ட் வாக்கில் தாங்கிப் பிடிக்கும் ஸ்மார்ட் சார்ஜரை மாட்டிவிடலாம். பழைய வகை டிரிக்கிள் சார்ஜர் வேண்டாம்; நிறைந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்து தண்ணீரை வற்றடிக்கும். பழைய மோட்டார்ஹோம்களில் கூடவே வரும் சார்ஜரும் சில சமயம் இந்த ரகம்தான். மாதக்கணக்கில் மாட்டி விடுவதற்கு முன் அதன் கையேட்டைப் பாருங்கள்.

மின்சாரம் இல்லாத திறந்தவெளி என்றால் சோலார் பேனல். கூரையில் பேனல் இருக்கிறது, கவலையில்லை என்று நினைத்துவிட வேண்டாம். பல வண்டிகளில் அது ஹவுஸ் பேட்டரியை மட்டுமே பார்க்கும். எஞ்சின் பேட்டரி அநாதை. பேனலின் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு அனுப்பும் கருவிக்கு கன்ட்ரோலர் என்று பெயர்; இரண்டுக்கும் ஏற்றும் கன்ட்ரோலர் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வண்டிக்கு மேல் உறை போட்டாலோ பேனல் மேல் பனி மூடினாலோ அதிலிருந்து எதையும் எதிர்பார்க்க முடியாது.

இரண்டுமே இல்லையா? கழற்றிவிடுங்கள். முழுதாக ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து, முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழாக: பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். வயர்களைத் தொடும் முன் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சோலார் இருந்தால் பேட்டரிக்கு முன்பாகப் பேனலின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருந்தால் சில கன்ட்ரோலர்கள் கெட்டுப்போகும். கழற்றிய பேட்டரியைக் குளிர்ச்சியான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை அளந்து பாருங்கள். சிமென்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று யாராவது சொல்வார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டிப் பேட்டரிகளுக்கு அது பொருந்தாது.

கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயம். எஞ்சின் பேட்டரி இல்லாவிட்டால் ரிமோட் பூட்டு வேலை செய்யாது. சாதாரணச் சாவியால் கதவு திறக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். சில காப்பீட்டு ஒப்பந்தங்கள் அலாரமும் ட்ராக்கரும் எப்போதும் இயங்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. அந்தச் சின்ன எழுத்துகளைப் படிக்காமல் வயரில் கை வைக்காதீர்கள். புது நாட்டில் இது நம்மில் பலர் கவனிக்காத ஒன்று.

திரவ ஆசிட் வகையில் தண்ணீர் மட்டத்தையும் பார்க்க வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், அதுவும் சார்ஜ் ஏற்றி முடித்த பிறகு. தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்பே ஊற்றலாம்.

லித்தியம் பேட்டரிக்கு மேலே சொன்னதில் பாதி செல்லாது. அதை முழுதாக நிரப்பி மாதக்கணக்கில் வைப்பது நல்லதல்ல. பாதிக்குச் சற்று மேலே வைத்து இணைப்பைத் துண்டித்துவிட்டால் போதும். வோல்ட்டை வைத்து அதன் அளவை ஊகிக்கவும் முடியாது, நீண்ட நேரம் ஒரே எண்ணைக் காட்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதற்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. ஈய பேட்டரிக்கான சார்ஜரை அப்படியே அதற்கு மாட்டவும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்ற அறிவுரையும் காதில் விழும். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓட்டினால் பேட்டரி சரியாக ஏறாது, புகைபோக்கிக் குழாயில் ஈரம் தேங்குவதுதான் மிச்சம். ஓட்டுவதென்றால் சாலையில் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள்.

வசந்தத்தில் திரும்ப எடுக்கும்போது பெட்டி உப்பியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தால் முழுதாக ஏற்றி, எதையும் இணைக்காமல் ஒரு நாள் விட்டு அளந்து பாருங்கள். ஈய பேட்டரி அதற்குள் 12.4-க்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். உள்ளே ஈயமும் ஆசிடும் இருக்கிறது. புதிது வாங்கும் இடத்திலோ மறுசுழற்சி மையத்திலோ கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.