நிறுத்தி வைத்த காரில் சில இரவுகள் மட்டும் இறங்கும் பேட்டரி

ஆரியங்காவு கணவாய் வழியே வரும் ஆடிச் சாரலில் நனைந்தபடி செங்கோட்டைத் தெருவில் நிற்கும் கார், பல நாள் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகிவிட்டு ஒருநாள் காலையில் 'டிக் டிக்' என்று மட்டும் சொன்னால், உடனே புதுப் பேட்டரி வாங்கிவிட வேண்டாம். பழையதை முழுதாகச் சார்ஜ் செய்து, வயரைக் கழற்றி ஓரிரவு தனியே வைத்துப் பாருங்கள். காலையில் 12.6 வோல்ட்டை ஒட்டி நின்றால், திருட்டு பெரும்பாலும் வண்டிக்குள்தான் நடக்கிறது.

பேட்டரியை மறுபடி மாட்டி, ஓரிரு முறை ஓட்டிய பிறகு அளக்கத் தொடங்கலாம். திறந்த கதவின் பூட்டை ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடியதுபோல் ஆக்கி (முடிந்ததும் விடுவிக்காவிட்டால் கதவு சாத்தாது), வண்டியைப் பூட்டி, ரிமோட் சாவியைத் தள்ளி வைத்து, ஒரு மணி நேரம் பொறுங்கள். பிறகு மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரைச் செருகி, ஒரு முனையை நெகட்டிவ் கிளாம்பிலும் மற்றதைப் பேட்டரிக் குமிழிலும் பிடித்துக்கொண்டே கிளாம்பைக் கழற்ற வேண்டும். மின்சாரம் ஒரு நொடி அறுந்தாலும், சிக்கி நிற்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) விடுபட்டுக் கோளாறு மறைந்துவிடக்கூடும். மீட்டர் இப்படி இடையில் மாட்டியிருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. பொதுவாக 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 500 ஓடினால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளுக்குள் காலியாகும்.

இதில் பலரும் ஏமாறுவது, ஒருமுறை அளந்து 30 மில்லி ஆம்பியர் என்று கண்டதும் மீட்டரை மூடிவிடுவதில்தான். விட்டுவிட்டு வரும் கோளாறு நாம் பார்க்கும் நேரத்தில் வரவேண்டும் என்பதில்லை. ஆகவே அதிகபட்ச அளவைப் பதிவு செய்யும் மீட்டரை, தானாக அணைவதை நிறுத்திவிட்டு, இரவு முழுதும் விட்டு வையுங்கள். மழை இரவில் மட்டும் ஏறினால், கதவு ரப்பர், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள நீர்வழி, தரைவிரிப்பின் அடி ஆகியவற்றில் ஈரம் தேடுங்கள். நீர் புகுந்த கனெக்டரின் முள்ளில் பச்சை பூத்திருக்கும்.

அளவு ஏறியிருக்கும்போது ஃபியூஸ்களைப் பிடுங்காதீர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் தெரியும் இரு உலோகப் புள்ளிகளில் இன்னொரு மீட்டரால் மில்லிவோல்ட் அளந்தால், மின்சாரம் ஓடும் ஃபியூஸ் மட்டும் சிறு எண் காட்டும். அந்தச் சுற்றில் வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டமோ டேஷ்கேமராவோ இருந்தால் அதைத்தான் முதலில் கழற்றுவேன். டிக்கி விளக்கின் மீது ஐயமெனில், கைப்பேசியை வீடியோவில் வைத்து உள்ளே போட்டு மூடுங்கள். எந்த ஃபியூஸிலும் எண் வராவிட்டால் ஆல்டர்னேட்டரின் (வண்டி ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) டையோடைச் சோதிக்க வேண்டும். அதை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது.

சரிசெய்த பின்னும் இன்னொரு சாரல் இரவில் மீட்டரை மாட்டி அளந்துவிடுங்கள்.