வற்றும் கசத்துக்கு வாளியோடு போகாதீர்கள்

சித்திரை பிறந்தால் போதும், மலையடிவாரத்து ஆறுகளின் கசங்களில், அதாவது ஆறு வற்றும்போது தண்ணீர் தேங்கி நிற்கும் ஆழமான பள்ளங்களில், மீனைக் காப்பாற்ற யாராவது வாளியோடு கிளம்பிவிடுகிறார்கள். போன வாரம் கடனா நதிப் பக்கம் நான்கு இளைஞர்களைப் பார்த்தேன். பல வருடங்களுக்கு முன் நான் அடித்த அதே கூத்தை வரிசை மாறாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாறை வழுக்கும், வெயில் சுடும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

வற்றிய ஆற்றைச் செத்த ஆறு என்று நினைப்பது

மேல்மணல் காய்ந்து கிடந்தாலும் கொஞ்சம் தோண்டினால் ஈரம் இருக்கும். அயிரை அங்கேதான் புதைந்து கிடக்கும். வாயால் காற்றை விழுங்கிக் குடலாலேயே மூச்சு வாங்கிக்கொள்ளும் மீன் அது. ஒருமுறை ஒரு கல்லைப் புரட்டினேன். சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு அயிரை, மீசையில் மணல் ஒட்டியபடி நெளிந்தன. கல்லைப் பழையபடி வைத்துவிட்டு வந்தேன். காய்ந்த ஆற்றில் டிராக்டர் ஓட்டுகிறவர்கள் அதன் மேல்தான் ஓட்டுகிறார்கள்.

நண்பகலில் பார்த்துவிட்டு முடிவு கட்டுவது

20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பகலில் பாசி ஆக்சிஜனை விடும். ராத்திரி முழுக்கப் பாசி, மீன், அழுகும் இலை எல்லாம் சேர்ந்து அதைத் தின்னும். ஆகவே கசத்துக்கு மோசமான நேரம் விடிவதற்குச் சற்று முன். அப்போது போய்ப் பாருங்கள். கெண்டைகள் கூட்டமாக மேலே வந்து வாயைப் பிளந்து நின்றால் நெருக்கடி. விரால் மட்டும் 'புளக்'கென்று வந்து போனால் பதற வேண்டாம், அது எப்போதும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

ஒரு மே மாதம். கசம் மாட்டுத்தொட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு நீல டிரம்மில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அகப்பட்டதையெல்லாம் போட்டு, மூடியை இறுக்கி, லோடு ஆட்டோவில் ஏற்றினோம். தடுப்பணைக்கு மேலே இருந்த பெரிய கசத்தில் விடுவதாக ஏற்பாடு. முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் முழங்கை நீள விரால்கள் வயிறு மேலே தெரிய மிதந்தன. மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று சிரிக்காதீர்கள். வளர்ந்த விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். மூடிக்குக் கீழே நாங்கள் ஒரு விரற்கடை இடம்கூட விடவில்லை.

அதையாவது மன்னிக்கலாம். அதே டிரம்மில் உள்ளங்கை அளவு ஜிலேபிகள் உயிரோடு இருந்தன. 1952-ல் நம் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். உயிர் உயிர்தானே என்று அவற்றையும் விட்டோம். பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். வாய் நிறைந்த ஒன்று போனாலே ஒரு கூட்டம் போன மாதிரி. இரண்டு வருடம் கழித்துப் போனேன். அந்த மேல்கசத்தின் அடிமணலெங்கும் தட்டுத் தட்டாக வட்டக் குழிகள், ஆண் ஜிலேபி தோண்டியவை. தடுப்பணை ஏற முடியாத மீனை நாங்கள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டுபோய் விட்டிருக்கிறோம். இன்றுவரை வருடா வருடம் வலை போட்டுப் பிடிக்கிறேன், தீர்ந்தபாடில்லை.

அந்த இளைஞர்களிடம் இதைச் சொன்னால், "பாவம், உயிர்தானே அண்ணாச்சி" என்கிறார்கள். அவர்கள் வாளியிலும் மூன்று ஜிலேபி.

ஊற்று உள்ள கசம் என்றால் விட்டுவிடுங்கள். ஆனியில் சாரல் இறங்கி ஆறு ஓடும்போது அங்கிருந்துதான் மீன் பரவும். மாற்றியே தீரவேண்டும் என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, அதே ஆற்றின் அடுத்த கசத்துக்கு மட்டும் மாற்றுங்கள், அதுவும் சாயங்காலம். டிரம்மில் முக்கால்வாசித் தண்ணீர், மூடிக்குப் பதில் வலை, விரால் தனி டிரம்மில். போனதும் கொட்டிவிடாமல், அந்தக் கசத்துத் தண்ணீரை டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சூட்டைச் சமப்படுத்துங்கள். அப்புறம் விடுங்கள். ஜிலேபியைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளலாம்.

போர்வெல் தண்ணீரை ஊற்றுவது

அதில் ஆக்சிஜன் குறைவு. டேங்கர் குழாயின் வேகம் அடிச்சேற்றையும் கிளறிவிடும். வேண்டாம்.

கரையில் நிற்கும் மருதமரக் கிளைகளை வெட்டுவது

இருக்கிற நிழலும் போகும்.

முள்ளால் கொட்டும் தேளி மீனைக் கையால் பிடிப்பது

ஒருமுறை பிடித்தேன். அன்று ராத்திரி தூங்கவில்லை.